கொழுப்புக்குள் ஒரு கருவளையம்

சிறுநீரகக் கல்லுக்காக எடுத்த சி.டி. ஸ்கேனில் 'மெசென்ட்ரிக் பானிகுலைட்டிஸ்' என்று எழுதியிருக்கிறார்களாம். 'இது புற்றுநோயா?' என்று பதறிக் கேட்டிருக்கிறார் மதுரை வாசகர் ஒருவர். இல்லை. ஆனால் ரிப்போர்ட்டை மடித்துப் பீரோவில் போட்டுவிட்டு மறந்துவிடுகிற சமாசாரமும் இல்லை.

சிறுகுடலை வயிற்றின் பின்சுவரோடு பிடித்துவைத்திருக்கும் கொழுப்பு மடிப்புதான் மெசென்ட்ரி. அம்மா புடவைக் கொசுவம் வைக்கும்போது பார்த்திருக்கிறேன். இடுப்பில் செருகுவது ஒரு சாண்கூட இராது, கீழே கரை விரிந்துகொண்டே போகும். மெசென்ட்ரியும் அப்படித்தான். முதுகுப்பக்கம் ஒட்டுமிடம் சுமார் 15 செ.மீ.; விளிம்பில் தொங்கும் குடலோ ஏறத்தாழ 6 மீட்டர். இதை ஓர் உறுப்பாகவே மதிக்காத காலம் நீண்டது. லிமெரிக் பல்கலைக்கழகத்தின் கால்வின் காஃபி 2016இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான் பலரும் திரும்பிப் பார்த்தார்கள்.

இந்தக் கொழுப்பில் வரும் அழற்சிதான் மெசென்ட்ரிக் பானிகுலைட்டிஸ். இதை 1924இல் விவரித்தவர் இத்தாலிய அறுவை மருத்துவர் யூரா. ஐம்பதைத் தாண்டிய ஆண்களிடம் அதிகம். வயிற்றுவலி, உப்புசம், எடைக்குறைவு இருக்கலாம். பலருக்கு ஒன்றுமே இருக்காது.

என்னைக் கட்டிப்போட்டது அந்த ஸ்கேன் படம்தான். சி.டி.யில் நல்ல கொழுப்பு கருப்பாகத் தெரியும். அழற்சி கண்ட கொழுப்பு சாம்பல் பூத்து மங்கிவிடும். ஆனால் அதன் நடுவே ஓடும் ரத்தக்குழாயையும் நிணநீர்க் கணுக்களையும் சுற்றி மட்டும் மெல்லிய கருவளையம் ஒன்று சேதமில்லாமல் தப்பி நிற்கும். லிம்போமா என்கிற நிணநீர்ப் புற்றில் இந்த வளையம் பெரும்பாலும் இருக்காது. வளையத்தை மட்டும் நம்பிச் சத்தியம் செய்ய முடியாது. கணுக்கள் பெரிதாக இருந்தால் திசு எடுத்துப் பார்ப்பார்கள்.

தொந்தரவு இல்லையென்றால் மருந்தும் வேண்டாம், கண்காணித்தால் போதும். வலி வாட்டினால் பிரெட்னிசோலோன், சிலருக்குக் கூடவே டமாக்சிஃபென். ஆம், மார்பகப் புற்றுக்குத் தருகிற அதே மாத்திரை! ஆணுக்கு எழுதிய சீட்டில் அதைப் பார்த்தால் மருந்துக்கடைக்காரர் விழிக்கத்தான் செய்வார்.

விளம்பரம் பார்த்து, காரணமே இல்லாமல் ஸ்கேன் எடுத்துவிட்டு, டாக்டரைப் பார்க்குமுன் கூகுளிடம் கேட்டுத் தூக்கத்தைத் தொலைக்கிறவர்களிடம் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. மதுரைக்காரர் அந்த ரகமில்லை, வலிக்காக எடுத்தார். அவரிடம் கேட்க ஒன்றுதான் இருக்கிறது: ஸ்கேன் படங்களைப் பதிந்து தந்த அந்தக் குறுந்தட்டு எங்கே? நம் வீடுகளில் தாள் பத்திரமாக இருக்கும், தட்டு பேரனின் விளையாட்டுச் சாமானோடு கிடக்கும். அடுத்த ஸ்கேனில் கணு வளர்ந்திருக்கிறதா என்று ஒப்பிட ரேடியாலஜிஸ்டுக்குத் தேவைப்படுவது அந்தப் பழைய படம்தான்.