ரிவர்ஸ் லைற் ஏன் எரியவில்லை?

எங்கள் வீட்டுக் கார் என்னைவிட வயதில் மூத்தது. டொயோட்டா கொரோலா கே.ஈ. 70. கையால் கியர் மாற்றும் வகை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு, இப்படியான பழைய கார்களைத்தான் பலரும் திருத்தித் திருத்தி ஓட்டினார்கள்.

போன வருடம் ஓர் இரவு, இஷாவுக்குப் பிறகு, வாப்பா காரை ஒழுங்கையில் பின்னுக்கு எடுத்தார். உருண்டுபோன பந்தை எடுக்கத் தங்கச்சி காருக்குப் பின்னால் குனிந்திருந்தாள். உம்மா கத்தியதால் பிறேக் போட்டார். அல்ஹம்துலில்லாஹ், ஒன்றும் நடக்கவில்லை. ரிவர்ஸ் லைற் எரியாமல் பல நாளாகியிருந்தது. மறுநாள் ஒரு கராஜில் புது ஆளி போட்டார்கள். காசு போனது, லைற் எரியவில்லை. நான் பௌதிகவியல் கொப்பியை எடுத்தேன்.

“பொம்புளப் புள்ளைக்கு என்னத்துக்கு இந்த வேல?” என்று காக்கா சிரித்தார். வாப்பா சிரிக்கவில்லை.

இந்தச் சுற்று எளிமையானது. பற்றரியிலிருந்து வரும் மின்னோட்டம் திறப்பு, உருகி, கியர்பெட்டியில் திருகியிருக்கும் ஆளி ஆகியவற்றைத் தாண்டிப் பின்பக்க மின்குமிழ்களுக்குப் போகிறது. அங்கிருந்து காரின் உடம்பு வழியாகப் பற்றரிக்குத் திரும்புகிறது. ரிவர்ஸ் கியர் போட்டதும் கியர்பெட்டிக்குள் நகரும் தண்டு ஆளியை அழுத்த, சுற்று மூடுகிறது. பல ஒட்டோ கியர் கார்களில் இந்த ஆளிக்கு இன்னொரு வேலையும் உண்டு: பார்க்கிங், நியூட்ரல் தவிர்ந்த நிலைகளில் எஞ்சின் ஸ்டார்ட் ஆகாமல் தடுப்பது.

உருகியும் மின்குமிழ்களும் நன்றாக இருந்தன. சக்கரங்களுக்குக் கல் வைத்து, எஞ்சினை நிறுத்தி, திறப்பை மட்டும் திருப்பி வைத்தோம். ஆளியின் இரண்டு வயர்களையும் கழற்றி ஒன்றோடொன்று தொடுத்தார் வாப்பா. எரிந்திருந்தால் ஆளியில் பழுது. எரியவில்லை. ஆகவே பிழை வேறிடத்தில்.

மின்குமிழ்களைக் கழற்றிவிட்டு அவற்றின் இடத்தில் மீற்றரை வைத்தேன். 12 வோல்ற்று! வயரும் சரியென்றுதான் முதலில் நினைத்தேன். மின்குமிழ்களைப் போட்டபடி அளந்தபோது 2 வோல்ற்றும் இல்லை.

காரணம் கொப்பியிலேயே இருந்தது. வோல்ற்றுமானியின் தடை மிகப் பெரியது. அதனூடாக ஓட்டம் ஏறக்குறையப் பாயாது. ஓட்டம் இல்லையென்றால் கறள் பிடித்த இணைப்பிலும் வோல்ற்றளவு இழக்கப்படாது. ஆனால் 21 வாற்று மின்குமிழ்கள் இரண்டுக்கும் 3.5 அம்பியர் தேவை. அவற்றின் சமாந்தரத் தடை சுமார் 3.4 ஓம். வழியில் 10 ஓம் தடையுள்ள கறள் இருந்தால், 12 வோல்ற்றில் பெரும்பங்கை அதுவே விழுங்கிவிடும்.

மின்குமிழ்களைக் கழற்றாமல், ஒவ்வோர் இணைப்பின் இரு பக்கத்தையும் அளந்துகொண்டே போனேன். டிக்கியின் விரிப்புக்கு அடியில் இருந்த இணைப்பில் முன்பக்கம் 12, பின்பக்கம் 2. திறந்தால் பச்சைத் தூள். கல்முனைக் கடற்காற்றின் வேலை. அரத்தாளால் தேய்த்து, புது முனை போட்டு, கிறீஸ் பூசினோம். ஒழுங்கை வெளிச்சமானது.

“இனி கராஜுக்குப் போகமுதல் உன்னிட்டத்தான் காட்டுற, மகள்” என்றார் வாப்பா.

பெற்றோரே, இன்றிரவு எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாமல் திறப்பைத் திருப்பி, ரிவர்ஸ் கியரைப் போடுங்கள். உங்கள் மகளை ஒரு பக்கமாக நின்று பார்க்கச் சொல்லுங்கள். எரியாவிட்டால், பிழையைத் தேடும் வேலையையும் அவளிடமே கொடுங்கள்.