கருவிக் குறிப்பும் பால்கோவாப் பெட்டியும்

ஒரு பொருளோ நிறுவனமோ சட்டமும் தர விதிகளும் கேட்கும் நிபந்தனைகளை நிறைவுசெய்கிறதா என்று ஆவணங்களைக் கொண்டு சோதித்து முடிவு சொல்வது இணக்க மதிப்பீடு எனப்படும். கொடுத்த பணியைத் தானே படிகளாகப் பிரித்துக்கொண்டு, தேவையான மென்பொருளை அழைத்து, வந்த விடையைப் பார்த்து அடுத்த படியைத் தீர்மானிக்கும் ஏஐ முகவர்களிடம் இவ்வேலையின் தொடக்கக் கட்டங்களை ஒப்படைக்கும் முயற்சிகள் பெருகி வருகின்றன. பதிவேட்டில் தேடவும், லேபிளைப் படிக்கவும், தேதியைக் கணக்கிடவும் முகவர் நம்பியிருப்பது ‘கருவி’ எனப்படும் சிறு நிரல்களை. எந்தக் கருவியை எப்போது எடுப்பது, அது தரும் விடைக்கு என்ன பொருள் என்பதை முகவர் பெரும்பாலும் அக்கருவியோடு எழுதி வைக்கப்பட்ட குறிப்பிலிருந்தே அறிகிறது.

ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்ட ‘மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்’ என்னும் பொது நெறிமுறை, கருவியின் பெயர், அதன் விளக்கம், உள்ளீட்டின் வடிவம் ஆகியவற்றை எப்படி அறிவிப்பது என்று வரையறுக்கிறது. விளக்கத்தில் என்ன இருக்க வேண்டும் என்பது எழுதுபவர் பொறுப்பு. தவறுகள் பெரும்பாலும் அங்கேதான் நுழைகின்றன. அதற்கு விருதுநகர் மாவட்டத்தின் இரு பொருள்களே போதிய எடுத்துக்காட்டு: ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டி வட்டாரத்தில் நெய்யப்படும் பேண்டேஜ் துணி.

பால்கோவாப் பெட்டியின் மேல் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க எண் இருக்க வேண்டும். அதன் முதல் இலக்கம் 1 என்றால் உரிமம், 2 என்றால் சிறு வணிகருக்கான பதிவு. அடுத்த இரண்டு இலக்கங்கள் மாநிலத்தைக் குறிக்கும். அதே கடையின் பில்லில் உள்ள 15 எழுத்து ஜிஎஸ்டி எண்ணிலும் மாநிலக் குறியீடு உண்டு. ஆனால் ஜிஎஸ்டியில் தமிழ்நாடு 33, உணவு உரிமத்தில் 24. மத்திய உரிமமாக இருந்தால் அந்த இடத்தில் 00 வரும். இவ்வளவையும் எழுதாமல் ‘உரிம எண்ணைச் சரிபார்க்கும்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்ட கருவிக் குறிப்பைப் படிக்கும் முகவர், இரண்டு எண்களையும் ஒப்பிட்டு, மாநிலம் பொருந்தவில்லை என்று ஒரு நேர்மையான கடைக்காரரின் பெயருக்கு எதிரே சிவப்புக் குறி இட்டுவிடக்கூடும். அச்சிட்ட எண்ணில் பிழையில்லை, குறிப்பில்தான் பிழை.

இதைவிட ஆபத்தானது வெற்று விடை. பதிவேட்டில் அந்த எண் இல்லை என்பதும், அரசின் இணையச் சேவை அந்த நேரம் பதில் தரவில்லை என்பதும், அனுப்பிய எண்ணில் ஓர் இலக்கம் குறைந்திருந்தது என்பதும் மூன்று வெவ்வேறு செய்திகள். மூன்றுக்கும் கருவி வெறுமையையே திருப்பித் தந்தால், முகவர் அதை ‘உரிமம் இல்லை’ என்றே படிக்க வாய்ப்பு அதிகம். நல்ல குறிப்பு ஒவ்வொரு நிலைக்கும் தனி விடையை வகுத்து, பதில் வராத நிலையில் எந்த முடிவும் எழுதக் கூடாது, சிறிது நேரம் கழித்து மீண்டும் தேட வேண்டும் என்பதையும் சொல்லிவிடும்.

கருவி எந்த நாளைய விதியைக் கொண்டு சோதிக்கிறது என்பதும் குறிப்பில் இருந்தாக வேண்டும். பொட்டலமிடாமல் விற்கும் இனிப்புகளுக்கும் எந்த நாளுக்குள் உண்பது உகந்தது என்பதைக் கடையில் காட்ட வேண்டும் என்ற உத்தரவு 2020 அக்டோபர் 1-இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய ஆவணங்களை அந்த அளவுகோலால் அளப்பது முறையாகாது. 2019-இல் பால்கோவாவுக்குக் கிடைத்த புவிசார் குறியீடும் இப்படிக் கவனித்து எழுத வேண்டியதே. 1999-ஆம் ஆண்டுச் சட்டப்படி குறியீட்டின் பதிவு உரிமையாளர் வேறு, அதைப் பயன்படுத்தப் பதிவுபெற்ற உற்பத்தியாளர் வேறு என்பதால், கருவி எந்தப் பட்டியலில் தேடுகிறது என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

பேண்டேஜ் துணியில் சிக்கல் அலகிலிருந்து தொடங்குகிறது. மருந்து விதிகளின் எஃப்(II) அட்டவணை, 10 சென்டிமீட்டர் நீளத்துக்குப் பாவிலும் ஊடையிலும் எத்தனை இழை வேண்டும், சதுர மீட்டருக்கு எடை எவ்வளவு என்று நிர்ணயிக்கிறது. விசைத்தறிக் கூடத்திலோ இழைகளை அங்குலக் கணக்கில் எண்ணுவதே வழக்கம். அங்குலத்துக்கு 20 இழை என்பது 10 சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 79 இழை. தறிக்காரர் எழுதிய அங்குலக் கணக்கை அப்படியே வாங்கி அட்டவணையோடு ஒப்பிட்டால் நல்ல துணியும் தோற்றுப்போகும். உள்ளீடு எந்த அலகில் வர வேண்டும், மாற்றிக் கணக்கிடுவது கருவியா முகவரா என்று இரண்டு வரி எழுதியிருந்தால் இந்தத் தொல்லை இல்லை.

படிக்க மட்டும் செய்யும் கருவி, பதிவையே மாற்றும் கருவி என்று வேறுபடுத்திக் காட்டவும் மேற்சொன்ன நெறிமுறையில் இடம் உண்டு. ஆனால் அது கருவியை எழுதியவர் தாமே தரும் சான்று மட்டுமே என்பதால், விண்ணப்பத்தைச் சமர்ப்பிப்பது, நோட்டீஸ் அனுப்புவது போன்ற செயல்களுக்கு மனிதர் ஒருவரின் ஒப்புதல் தேவை என்பதைக் குறிப்பில் எழுதினால் போதாது. ஒப்புதல் இல்லாமல் இயங்காதபடி கருவியையே அமைக்க வேண்டும்.

இத்தகைய குறிப்புகளை இன்று பெரும்பாலும் நிரலாளர்களே தனியாக எழுதுகிறார்கள். ராஜபாளையம் வட்டாரத் துணிக்கு ஒரு கருவி செய்ய முனைவோர், விளக்கத்தின் முதல் வரியை எழுதும் முன், பாவையும் ஊடையையும் எண்ணிப் பழகிய ஒருவரை அருகில் உட்கார வைத்துக்கொள்வது நல்லது.