கலமசூவில் பிறந்த கிட்டாரும் லண்டனில் பிறந்த நாதமும்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உள்ள கலமசூ நகரத் தொழிற்சாலையில் 1958 முதல் 1960 வரை கிப்சன் நிறுவனம் தயாரித்த ‘லெஸ் பால் ஸ்டாண்டர்ட்’ என்னும் மின்கிட்டார், தன் காலத்தில் கடைகளில் தேங்கிக் கிடந்த ஒரு சரக்காகும். முன்பக்கத்தின் நடுவில் மஞ்சளும் விளிம்பில் செம்மையுமாக ஒன்றிலொன்று கரையும் வண்ணப்பூச்சுடன் அது வந்தது. ‘சன்பர்ஸ்ட்’ எனப்பட்ட அந்தப் பூச்சின் பெயரைச் சுருக்கி ‘பர்ஸ்ட்’ என்றே ஆர்வலர்கள் இன்று அதை அழைக்கிறார்கள். எடை மிகுந்த அந்தக் கருவியைவிட, கலிஃபோர்னியாவில் ஃபெண்டர் நிறுவனம் 1954இல் வெளியிட்டிருந்த இலகுவான ஸ்ட்ராட்டோகாஸ்டர் இளைஞர்களைக் கவர்ந்ததால், கிப்சன் தன் கிட்டாரின் வடிவத்தையே மாற்றி, இரண்டு கொம்புகள் கொண்ட மெல்லிய உடலுடன் வேறொன்றைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பழைய வடிவம் நிறுத்தப்பட்டபோது அதற்காக வருந்தியவர்கள் மிகச் சிலரே. அதே கிட்டார் இன்று லட்சக்கணக்கான டாலர் விலைக்குக் கைமாறுகிறது என்றால், அதற்கான காரணத்தை அக்கருவிக்குள் மட்டும் தேடுவது போதாது. அதை வடிவமைத்த பொறியாளர்கள் விரும்பாத, தவிர்க்க முயன்ற ஓர் ஒலியை அதிலிருந்து வரவழைத்த இசைக்கலைஞர்களிடமும், அந்த ஒலிக்குத் துணைநின்ற ஆம்ப்ளிஃபயரிடமும் தேட வேண்டும்.

மின்கிட்டாரின் ஒலி மரப்பெட்டியின் அதிர்விலிருந்து நேரடியாகக் காதுக்கு வருவதில்லை. எஃகுத் தந்திகளுக்கு அடியில், காந்தத்தைச் சூழ்ந்து மெல்லிய செப்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றப்பட்ட ‘பிக்கப்’ என்னும் உறுப்பு இருக்கிறது. தந்தி அதிரும்போது காந்தப் புலம் அசைந்து, கம்பிச்சுருளில் நுண்ணிய மின்னழுத்தம் எழுகிறது. அந்த மின்னழுத்தமே ஆம்ப்ளிஃபயருக்குச் சென்று பெருக்கப்பட்டு ஒலியாகிறது. ஆனால் கம்பிச்சுருள் தந்தியின் அதிர்வை மட்டும் தேர்ந்து கேட்பதில்லை; அறையிலுள்ள மின்மாற்றிகளும் விளக்குகளும் பரப்பும் மின்காந்தப் புலத்தையும் சேர்த்தே வாங்கிக்கொள்வதால், தொடர்ந்து ஒரு ரீங்காரம் பின்னணியில் ஒலித்துக்கொண்டிருக்கும். கிப்சனில் பணியாற்றிய சேத் லவர் என்னும் பொறியாளர் 1955இல் இதற்கு வழி கண்டார். இரண்டு சுருள்களை அருகருகே வைத்து, அவற்றின் சுற்றுத் திசையையும் காந்த முனையையும் ஒன்றுக்கொன்று எதிராக அமைத்தால், வெளியிலிருந்து வரும் ரீங்காரம் இரண்டிலும் எதிரெதிராக எழுந்து அழிந்துவிடும். தந்தியின் ஒலியோ இரண்டிலும் ஒரே திசையில் எழுந்து கூடிக்கொள்ளும். ரீங்காரத்தை அடக்குவது என்னும் பொருளில் ‘ஹம்பக்கர்’ எனப் பெயரிடப்பட்ட இந்தப் பிக்கப்புக்குக் காப்புரிமை 1959இல்தான் கிடைத்தது. அதற்கு முன்பும் பின்னர்ச் சில ஆண்டுகளும், காப்புரிமைக்கு விண்ணப்பித்திருப்பதாகக் கூறும் சிறு ஒட்டுத்தாள் அதன் அடியில் ஒட்டப்பட்டு வந்தது. அந்தத் தொடரின் ஆங்கில முதலெழுத்துகளைக் கொண்டு ‘பி.ஏ.எஃப்.’ என்று ஆர்வலர்கள் குறிப்பிடுவது அந்தக் காலத்துப் பிக்கப்புகளைத்தான்.

லவரின் நோக்கம் தூய்மையான ஒலி. ஆனால் இரண்டு சுருள்கள் தந்தியை இரண்டு புள்ளிகளில் கேட்பதால் உச்ச அதிர்வெண்களில் ஒரு பகுதி தேய்ந்து, நடு அதிர்வெண்கள் தடித்து, வெளிவரும் மின்னழுத்தமும் கூடியது. இத்துடன் உற்பத்தியில் நேர்ந்த ஒழுங்கின்மைகளும் சேர்ந்துகொண்டன. சுற்றும் இயந்திரங்களைக் குறித்த எண்ணிக்கையில் நிறுத்தும் ஏற்பாடு அப்போது கறாராக இல்லாமையால், சுமார் 5,000 சுற்றுகள் இருக்க வேண்டிய சுருள் ஒன்றில் சில நூறு கூடுதலாகவும் மற்றதில் குறைவாகவும் அமைவதுண்டு. அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த ‘அல்னிகோ’ காந்தங்களிலும் கையிருப்பில் உள்ள வகையே பொருத்தப்பட்டது. ஒன்றைப்போல் இன்னொன்று ஒலிக்காத பிக்கப்புகள் இப்படித்தான் உருவாயின. இரு சுருள்களின் சுற்றுகள் சமமாக இல்லாதபோது ரீங்காரம் முழுமையாக அழியாது. ஆனால் உச்ச ஒலிகளில் சிறிது கூர்மை தங்கிவிடும். ஒரு தரக்கட்டுப்பாட்டு அதிகாரி குறையாகக் கருதியிருக்கக்கூடிய அந்தக் கூர்மையையே, பிற்காலத்தில் பிக்கப் செய்பவர்கள் வேண்டுமென்றே இரண்டு சுருள்களையும் சமமின்றிச் சுற்றி மீட்டெடுக்க முயல்கிறார்கள்.

ஆம்ப்ளிஃபயர் தன் எல்லையைத் தாண்டும்போது எழும் கரகரப்பான ஒலி, 1950களின் தொடக்கத்திலேயே கறுப்பின இசைக்கலைஞர்களின் கைகளில் அழகாகிவிட்டது. மிசிசிப்பியின் பருத்தி வயல்களிலிருந்து 1943இல் சிகாகோவுக்குக் குடிபெயர்ந்த மடி வாட்டர்ஸ், இரைச்சல் மிகுந்த மதுக்கூடங்களில் தன் குரலும் கிட்டாரும் கேட்க வேண்டும் என்பதற்காக மின்கிட்டாருக்கு மாறினார். மெம்ஃபிஸ் நகரில் சாம் ஃபிலிப்ஸின் ஒலிப்பதிவுக் கூடத்தில் 1951இல் பதிவான ‘ராக்கெட் 88’ என்னும் பாடலுக்கு, வழியில் சேதமுற்ற ஓர் ஆம்ப்ளிஃபயரில் காகிதத்தைத் திணித்து வில்லி கைசார்ட் வாசித்த ஒலி இன்றும் முன்னோடியாகப் பேசப்படுகிறது. ஹவ்லின் வுல்ஃபுடன் வாசித்த வில்லி ஜான்சனும் அதே காலத்தில் அதே நகரில் இன்னும் முரட்டுத்தனமான ஒலியைப் பதிவுசெய்திருக்கிறார். ப்ளூஸ் ராக் நாதத்தின் வரலாற்றை லண்டனில் தொடங்கி எழுதுவோர் இந்த மனிதர்களை ஓரிரு வரிகளில் கடந்துவிடுவது பெரும் அநீதி; லண்டன் இளைஞர்கள் தேடிக்கொண்டிருந்ததே இவர்களின் இசைத்தட்டுகளில் கேட்ட அந்தக் கரகரப்பைத்தான்.

அந்தக் கரகரப்பு எப்படி எழுகிறது என்பதை அறிய ஆம்ப்ளிஃபயருக்குள் செல்ல வேண்டும். டிரான்சிஸ்டர் பரவுவதற்கு முன்பு தமிழ் வீடுகளில் இருந்த பெரிய ரேடியோப் பெட்டிகளைப் போலவே, அக்காலத்துக் கிட்டார் ஆம்ப்ளிஃபயர்களும் காற்று நீக்கப்பட்ட கண்ணாடிக் குழலான வால்வைக் கொண்டே இயங்கின. வால்வுக்கு வரும் மின்னலை சிறியதாக இருக்கும்வரை அது அப்படியே பெரிதாக வெளிவரும். அலை எல்லையைத் தொட்டதும் அதன் முகடுகள் மழுங்குகின்றன. முகடு மழுங்கிய அலையில், மூலச்சுரத்துடன் அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு அதிர்வெண் கொண்ட மேற்சுரங்கள் புதிதாகச் சேர்கின்றன. ‘ஓவர்டிரைவ்’ எனப்படுவது இதுவே. டிரான்சிஸ்டர் முகடுகளைச் சட்டென்று வெட்டுவதால் செவியில் உறுத்தும் ஒலி பிறக்க, வால்வு படிப்படியாக மழுக்குவதால் செறிவு கூடி வருகிறது. அத்துடன், எல்லையைத் தொட்ட வால்வில் பலமாக மீட்டிய சுரத்துக்கும் மெல்ல மீட்டிய சுரத்துக்கும் இடையிலான ஒலி வேறுபாடு குறைவதால், தந்தியின் அதிர்வு தேய்ந்துகொண்டிருக்கும்போதும் சுரம் தேயாமல் நீள்கிறது. மாறுதிசை மின்சாரத்தை நேர்த்திசையாக்கும் பகுதியிலும் வால்வே இருந்தால், ஓங்கி மீட்டிய கணத்தில் மின்னழுத்தம் சற்றுத் தாழ்ந்து மீண்டும் எழும். ஆம்ப்ளிஃபயர் மூச்சு வாங்குவது போன்ற அந்த நெகிழ்ச்சியை வாசிப்பவரின் விரல்கள் உணர்கின்றன.

லண்டனின் ஹான்வெல் பகுதியில் டிரம் கடை நடத்திவந்த ஜிம் மார்ஷல், விலை கூடிய அமெரிக்க ஆம்ப்ளிஃபயர்களுக்கு மாற்று வேண்டும் என்று கேட்ட கிட்டார்க் கலைஞர்களுக்காக, கென் பிரான், டட்லி கிரேவன் ஆகியோரின் துணையுடன் 1962இல் ‘ஜே.டி.எம். 45’ என்னும் ஆம்ப்ளிஃபயரைச் செய்தார். பேஸ் கிட்டாருக்காக ஃபெண்டர் உருவாக்கிய ‘பாஸ்மன்’ ஆம்ப்ளிஃபயரின் சுற்றமைப்பே அதற்கு மூலம். ஏறத்தாழ நகல் என்றே சொல்லலாம். ஆனால் முதற்கட்ட வால்வாக அதிகப் பெருக்கம் கொண்ட ஈ.சி.சி. 83 பொருத்தப்பட்டதும், உள்நாட்டு மின்மாற்றிகளும் செலஸ்ஷன் நிறுவனத்தின் ஸ்பீக்கர்களும் பயன்பட்டதும் ஒலியை வேறு திசைக்குக் கொண்டுசென்றன. ஃபெண்டர் விரைவில் கரகரப்பே எழாத, மேலும் மேலும் தெளிவான ஆம்ப்ளிஃபயர்களை நோக்கிச் சென்றுகொண்டிருந்த ஆண்டுகளில், அதன் கைவிடப்பட்ட சுற்றமைப்பு லண்டனில் மறுவாழ்வு பெற்றது.

இந்த ஆம்ப்ளிஃபயருடன் பர்ஸ்ட் கிட்டார் இணைந்ததன் மிகத் தெளிவான பதிவு, ஜான் மேயாலின் ப்ளூஸ் பிரேக்கர்ஸ் குழு எரிக் கிளாப்டனுடன் சேர்ந்து 1966 ஜூலையில் வெளியிட்ட இசைத்தட்டாகும். டெக்சாஸில் பிறந்த ஃபிரெடி கிங் தங்கநிற லெஸ் பாலைக் கையில் ஏந்திய ஓர் இசைத்தட்டு அட்டையைப் பார்த்தே கிளாப்டன் லெஸ் பால் ஒன்றைத் தேடி வாங்கினார். கிங்கின் கிட்டாரில் இருந்தவை பழைய ஒற்றைச்சுருள் பிக்கப்புகள். கிளாப்டனுக்குக் கிடைத்ததிலோ ஹம்பக்கர்கள். ஆகவே தன் ஆதர்சத்தின் கருவியைத் தேடிப் போனவர் அதைவிடத் தடித்த ஒலியை வந்தடைந்தார். மேற்கு ஹாம்ஸ்டெட்டில் இருந்த டெக்கா நிறுவனத்தின் கூடத்தில் பதிவு நடந்தபோது, கிட்டாரின் ஒலியளவைக் குறைத்து மைக்கை ஸ்பீக்கருக்கு நெருக்கமாக வைப்பதே வழக்கமாக இருந்தது. 21 வயதான கிளாப்டன் மேடையில் வாசிக்கும் அளவிலேயே வாசிப்பேன் என்று உறுதியாக நின்றதால், தயாரிப்பாளர் மைக் வெர்னனும் பொறியாளர் கஸ் டட்ஜனும் அதற்கு இசைய வேண்டியதாயிற்று. ஓங்கி ஒலிக்கும் ஆம்ப்ளிஃபயரின் காற்றதிர்வு கிட்டாரின் தந்திகளையே மீண்டும் அதிரச் செய்வதால், சுரங்கள் தாமே நீண்டு மேற்சுரமாக மலர்வதை அந்தப் பதிவில் கேட்கலாம். குறைந்த ஒலியளவில் இது நிகழாது. அந்தக் கிட்டார் அதே ஆண்டில் திருடுபோய், இன்றுவரை மீட்கப்படவில்லை.

கிளாப்டனுக்குப் பின் அக்குழுவில் சேர்ந்த பீட்டர் கிரீன் வைத்திருந்த 1959ஆம் ஆண்டு லெஸ் பாலின் கதை வேறு. அதன் கழுத்துப் பக்கப் பிக்கப்பில் காந்தம் தலைகீழாக அமைந்திருந்ததால், இரண்டு பிக்கப்புகளையும் சேர்த்து இயக்கும்போது அவற்றின் அலைகள் எதிரெதிராகி, தாழ்ந்த சுரங்கள் பெருமளவு அழிந்து, மூக்கொலி கலந்த மெலிந்த நாதம் மிஞ்சியது. கேட்டவுடன் இன்னார் என்று அடையாளம் காணக்கூடிய அந்த நாதம் பொறியியல் நோக்கில் ஒரு பிழைதான். அதைத் திருத்தியிருந்தால் கிரீனின் இசை எவ்வளவு ஏழ்மையுற்றிருக்கும் என்பதை அவரைக் கேட்டவர்கள் அறிவார்கள். இத்தகைய இசைக்கலைஞர்களால் எழுந்த தேவையைக் கண்டே கிப்சன் 1968இல் பழைய வடிவத்தை மீண்டும் தயாரிக்கத் தொடங்கியது.

ஒரு பர்ஸ்டை வாங்க விரும்பும் ஆர்வலர் அதைப் பழம்பொருள் ஆய்வாளரின் கவனத்துடன் பார்க்கிறார். தலைப்பகுதியின் பின்புறம் மையால் அச்சிட்ட வரிசை எண்ணின் முதல் இலக்கம் ஆண்டைக் காட்டும். ஒலிக் கட்டுப்பாட்டுக் குமிழ்களின் அடியில் உள்ள உறுப்பில் பொறித்த குறியீடு அந்த உறுப்பு செய்யப்பட்ட ஆண்டையும் வாரத்தையும் காட்டும். ஈயப் பற்றவைப்பு பிரிக்கப்பட்டதா என்பதும், புற ஊதா ஒளியில் மெருகுப்பூச்சு எங்கும் ஒரே சீராகத் தெரிகிறதா என்பதும் சோதிக்கப்படும். முன்பக்கத்துச் சிவப்புச் சாயம் வெயில்பட்டு மங்கக்கூடியதாக இருந்தமையால், கிப்சன் 1960இல் மங்காத சாயத்துக்கு மாறியது. மங்கிய முந்தைய சாயமோ தேன், தேநீர், எலுமிச்சை என ஒவ்வொரு கிட்டாருக்கும் ஒரு நிறத்தை அளித்துவிட்டது. அதன் அடியில் தெரியும் மேப்பிள் மரத்தின் அலையலையான கோடுகளும் சேரும்போது, விலையில் ஒரு பங்கு கண்ணுக்காகத் தரப்படுகிறது என்பதில் ஐயமில்லை.

பழைய மரத்தால்தான் ஒலி சிறக்கிறது என்னும் நம்பிக்கையை அவ்வளவு எளிதில் ஏற்க இயலாது. வயலினில் மரப்பெட்டியே ஒலியை உண்டாக்குகிறது; அப்படியிருந்தும், 2012இல் வெளியான ஓர் ஆய்வில், தேர்ந்த கலைஞர்களால் ஸ்ட்ராடிவாரி காலத்து வயலினையும் புதிய வயலினையும் கண்மூடி வாசித்து நம்பகமாகப் பிரித்தறிய முடியவில்லை. திண்மையான பலகை உடல் கொண்ட மின்கிட்டாரில் பிக்கப்பும் ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் விரல்களும் ஆற்றும் பங்கோடு ஒப்பிட, மரத்தின் வயது ஆற்றும் பங்கு சிறிதாகவே இருக்க வேண்டும். எனினும் மரம் மற்றொரு வகையில் இந்தக் கருவிகளின் அருமையைக் கூட்டுகிறது. அவற்றின் விரற்பலகைக்குப் பயன்பட்ட பிரேசில் நாட்டு ஈட்டி மரம் அருகிவிட்டதால், அதன் பன்னாட்டு வணிகம் 1992இல் தடைசெய்யப்பட்டது. 1960களின் நடுப்பகுதியிலிருந்தே கிட்டார் நிறுவனங்கள் மாற்றாகக் கொண்டது இந்திய ஈட்டி மரம். நீலகிரியிலும் மேற்குத் தொடர்ச்சி மலையின் பிற பகுதிகளிலும் வளரும், தோதகத்தி என்றும் பெயர் கொண்ட அதே மரம். அதைக் காக்கத் தமிழ்நாடு அரசு 1990களில் தனிச்சட்டமே இயற்ற நேர்ந்தது.

விலையேற்றத்தின் பெருந்தீமை, கருவிகள் இசைப்பவர் கையை விட்டு முதலீட்டாளரின் இரும்புப்பெட்டிக்குப் போவதாகும். கிரீனின் கிட்டார் அந்தக் கதியிலேயே நின்றுவிடவில்லை. அவரிடமிருந்து வடஅயர்லாந்துக் கலைஞர் கேரி மூர் அதை வாங்கி, 1995இல் கிரீனின் பாடல்களாலான முழு இசைத்தட்டையே அதில் வாசித்தார். 2014இல் அது மெட்டாலிகா குழுவின் கர்க் ஹாமெட்டிடம் வந்தபின், பல்லாயிரவர் கூடும் அரங்குகளில், காந்தம் தலைகீழான அதே பிக்கப்புடன் வாசிக்கப்பட்டு வருகிறது.