சிறு விபத்து வழக்கில் தாமதமாக வரும் சான்று

விபத்தில் காயமடைந்தவர் இழப்பீடு கேட்டு வழக்குத் தொடுக்கும்போது, முதல் தகவல் அறிக்கை, காயச் சான்றிதழ், மருத்துவச் செலவு ரசீதுகள் ஆகியவற்றை மனுவோடு சேர்த்தே தாக்கல் செய்வது வழக்கம். ஆனால் காயம் வழக்கின் வாய்தாக்களைப் பார்த்து ஆறுவதில்லை. தருமபுரி மாவட்டம் தொப்பூர் கணவாயில் லாரி மோதிக் கால் முறிந்த ஒருவருக்கு, எலும்பில் வைத்த பிளேட்டை எடுக்க ஓராண்டு கழித்து இரண்டாவது அறுவை சிகிச்சை நடக்கலாம். நிரந்தர ஊனம் எவ்வளவு என்பதையும் எலும்பு கூடிய பிறகே மருத்துவர் மதிப்பிட முடியும். அதற்குள் சாட்சி விசாரணை முடிந்துவிட்டால், புதிய சான்றுகளை மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் ஏற்குமா?

சிறு தொகை வழக்குகளில் இதற்கான விடை மிக முக்கியமானது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 173ஆம் பிரிவின்படி, மேல்முறையீட்டில் தகராறுக்குரிய தொகை 1 லட்சம் ரூபாய்க்குக் குறைவாக இருந்தால் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய முடியாது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்கு முன் அந்த வரம்பு 10,000 ரூபாயாக இருந்தது. ஆகவே 60,000 ரூபாய் கேட்டவர் தீர்ப்பாயத்தில் காட்டத் தவறிய ரசீதை, மேல்முறையீட்டில் காட்ட வாய்ப்பே இல்லை.

தீர்ப்பாயம் சுருக்க விசாரணை முறையைப் பின்பற்றலாம் என்கிறது 169ஆம் பிரிவு. சாட்சிகளை அழைக்கவும் ஆவணங்களை வரவழைக்கவும் உரிமையியல் நீதிமன்றத்துக்குள்ள அதிகாரத்தையும் அது தருகிறது. அதனால் உரிமையியல் வழக்குகளில் உருவான நெறிகளே இங்கும் வழிகாட்டுகின்றன. தாமதச் சான்றை ஏற்பது பற்றி உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் இருந்த தனி விதி 2002இல் நீக்கப்பட்டது. அந்தத் திருத்தங்களை எதிர்த்து, அண்டை மாவட்டமான சேலத்தின் வழக்கறிஞர் சங்கம் உச்ச நீதிமன்றம் சென்றது. விதி நீங்கியதால் பிந்தைய சான்றுக்குக் கதவு அடைபடவில்லை என்று 2005இல் அந்த நீதிமன்றம் விளக்கியது. உரிய கவனத்தோடு முயன்றும் அச்சான்று தெரியவரவில்லை, அல்லது உரிய நேரத்தில் அதைத் தர இயலவில்லை என்று நீதிமன்றம் நம்பும்படி காட்டினால் போதும்.

தமிழ்நாட்டிலிருந்து சென்ற இன்னொரு வழக்கில், 2011இல், உச்ச நீதிமன்றம் இதற்கு எல்லையும் வகுத்தது. முடிந்த சாட்சியத்தை மீண்டும் திறக்க நீதிமன்றத்துக்கு உள்ளார்ந்த அதிகாரம் உண்டு. ஆனால் தன் தரப்பு ஓட்டையை அடைக்கவோ வழக்கை இழுத்தடிக்கவோ அதைப் பயன்படுத்தக் கூடாது.

இந்த அளவுகோலின்படி, விசாரணைக்குப் பின் நடந்த அறுவை சிகிச்சையின் ரசீது ஏற்கப்பட வாய்ப்பு அதிகம். அது முன்பு இருந்திருக்கவே முடியாது. வாதம் முடிந்தபின் திடீரென முளைக்கும் நேரடி சாட்சிக்கு வாய்ப்பு குறைவு. ஓட்டுநர் உரிமத்தைப் பற்றிக் கடைசி நேரத்தில் ஆவணம் கொண்டுவரும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் இதே அளவுகோல்தான்.

சான்றை அனுமதித்தாலும் எதிர்த்தரப்புக்குக் குறுக்கு விசாரணை வாய்ப்புத் தர வேண்டும். தாமதத்துக்காகச் செலவுத் தொகை கட்டச் சொல்லவும் தீர்ப்பாயத்தால் முடியும். சிகிச்சை தொடர்வதைத் தொடக்கத்திலேயே பதிவு செய்து, புதிய ஆவணம் கைக்கு வந்த உடனே, காரணத்தை விளக்கி மனு போடுபவருக்கு இந்தத் தடைகள் பெரும்பாலும் எழுவதில்லை.