ஜார் விழுந்த அன்று லெனின் எங்கே இருந்தார்?

லெனின் ஜார் மன்னனைக் கவிழ்த்துப் பொதுவுடைமை ஆட்சியைக் கொண்டுவந்தார். விருதுநகர், சாத்தூர், சிவகாசிப் பக்கம் மேடைப் பேச்சு கேட்டு வளர்ந்தவங்க பலரும் ரஷ்யப் புரட்சியை இப்படித்தான் சொல்வாங்க. பிள்ளைகளுக்கு லெனின், ஸ்டாலின்னு பேர் வைத்த ஊர்கள் இவை. ஆனால் அந்த ஒரு வரிக்குள் இரண்டு புரட்சிகள் ஒட்டிக் கிடக்கின்றன. ஜார் விழுந்தபோது லெனின் ரஷ்யாவிலேயே இல்லை, சுவிட்சர்லாந்தில் சூரிச் நகரத்தில் இருந்தார்.

முதலில் தேதிக் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். பிப்ரவரிப் புரட்சி நடந்தது மார்ச்சில், அக்டோபர் புரட்சி நடந்தது நவம்பரில். ஊர் உலகத்துக்கெல்லாம் காலண்டர் அச்சடிக்கிற சிவகாசிக்காரங்களுக்கு இது பிடிக்கும். ரஷ்யா அப்போது பழைய ஜூலியன் காலண்டரில், 13 நாள் பின்தங்கி இருந்தது. 1918-ல் புதிய ஆட்சி அதை மாற்றியது. ஜனவரி 31-க்கு மறுநாள் பிப்ரவரி 14. நடுவில் 13 தாள் கிழிக்காமலே போச்சு! இனி நான் தரும் தேதிகள் நம்ம காலண்டர்படி.

1917 மார்ச் 8, பெண்கள் தினம். தலைநகர் பெட்ரோகிராடில் நெசவாலைப் பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு ரொட்டி கேட்டுத் தெருவுக்கு வந்தார்கள். 1914-லிருந்து போர். ரயில்கள் போருக்கே ஓடியதால் நகரத்துக்குத் தானியம் சரியாக வந்து சேரவில்லை. ஆலையில் பாடுபட்டுவிட்டு, பனியில் ரொட்டிக் கடை வரிசையிலும் நின்றவர்கள் இவர்கள்தான். பக்கத்து இரும்பு ஆலை ஆண்களையும் கூப்பிட்டு இறக்கினார்கள். எந்தக் கட்சித் தலைமையும் அன்றைக்கு வேலைநிறுத்தம் செய்யச் சொல்லவில்லை என்பது முக்கியம்.

மார்ச் 11-ல் சிப்பாய்கள் கூட்டத்தைச் சுட்டார்கள். மறுநாள் வோலின்ஸ்கி படைப்பிரிவு சுட மறுத்து மக்கள் பக்கம் சாய்ந்தது, மற்ற பிரிவுகளும் சேர்ந்தன. என்னைக் கேட்டால் ராஜ்யம் விழுந்தது அந்த நாளில்தான். நிக்கோலஸ் 1915-லேயே படைத்தலைமையைத் தானே ஏற்றிருந்ததால் ஒவ்வொரு தோல்வியும் அவர் தலையில் விடிந்திருந்தது. தளபதிகளும் கைவிட்டார்கள். மார்ச் 15-ல், ப்ஸ்கோவ் நகரில் நின்ற ரயில் பெட்டிக்குள், முடி துறந்து கையெழுத்துப் போட்டார். 1613-லிருந்து ஆண்ட ரொமானோவ் வம்சம், ஒரே வாரத்தில் முடிந்தது.

பாரதியின் 'புதிய ருஷியா' கொண்டாடுவது இந்த வீழ்ச்சியைத்தான். கோவில்பட்டிக்குக் கிழக்கே எட்டயபுரத்தில் பிறந்து, அந்த ஜமீன் தர்பாரிலேயே கொஞ்ச காலம் வேலை பார்த்தவர். அரண்மனை எப்படி நடக்கும்னு உள்ளேயிருந்து பார்த்த ஆள். 1917-ல் புதுச்சேரியில் இருந்தார். அந்தப் பாட்டில் ஜார் இருக்கிறான், இரணியன் இருக்கிறான், பராசக்தி இருக்கிறாள். லெனின் பெயர் இல்லை.

லெனின் பெட்ரோகிராடு வந்தது ஏப்ரல் 16-ல். அதற்குள் தற்காலிக அரசு ஒன்று உட்கார்ந்திருந்தது. அது போரை நிறுத்தவில்லை, நிலப் பிரச்சினையையும் தள்ளிப்போட்டது. உழவர்களுக்கும் சிப்பாய்களுக்கும் வேண்டியது அந்த இரண்டும்தானே. நவம்பர் 7-ல் போல்ஷ்விக்குகள் கவிழ்த்தது ஜாரை அல்ல, கெரன்ஸ்கியின் இந்த அரசை. மறுநாளே சமாதானத்துக்கும் நிலத்துக்கும் ஆணை போட்டார்கள். நிலப்பிரபுக்களின் சொத்துரிமை போனது. அது சாதாரண விஷயமில்லை.

ஆனால் அதே மாதம் அரசியல் நிர்ணய சபைக்கு நடந்த தேர்தலில் அவர்களுக்குக் கிடைத்தது ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு ஓட்டு. உழவர்களிடம் செல்வாக்கு உள்ள சோஷலிஸ்ட் புரட்சியாளர் கட்சிதான் முன்னால் நின்றது. 1918 ஜனவரி 18-ல் கூடிய அந்தச் சபை, ஒரே அமர்வோடு கலைக்கப்பட்டது.

இரண்டையும் ஒன்றாக்கிச் சொல்வதில் இந்தச் சபை காணாமல் போகிறது. அந்த நெசவாலைப் பெண்களும் போகிறார்கள். எனக்கு இரண்டாவதுதான் அதிகம் உறுத்துது. விடியும் முன்னே தூக்குச்சட்டியோடு தீப்பெட்டி ஆபீசுக்கும் பட்டாசு ஆலைக்கும் பெண்கள் வேன் ஏறுகிற வட்டாரத்தில், ஜாரைக் கவிழ்த்த கதையில் பெண்கள் இல்லை என்றால் எப்படி?

பாரதி லெனினைப் பற்றியும் எழுதினார், 'செல்வம்' என்ற கட்டுரையில். செல்வம் பொதுவாவது அவருக்குச் சம்மதம். அதற்காக ரத்தம் சிந்துகிற வழி சம்மதமில்லை. நம்ம ஊர் மேடைகளில் பாட்டு ஆயிரம் தடவை முழங்கியிருக்கும். கட்டுரையை யாரும் வாசித்து நான் கேட்டதில்லை.