ராஜகோபுரத்தின் முன்னால் பழைய கேமராக்கள்

திருச்சி தில்லை நகரில் கல்யாண ஆல்பம் போடுகிறவர்களுக்கு 12க்கு 36 என்ற அளவு மனப்பாடம். விரித்தால் 36 அங்குலம். ஒரு பக்கம் மட்டும் 18 அங்குலம். 2005இல் வந்த கேனான் 5டி எடுக்கும் படத்தின் அகலம் 4368 பிக்சல். அதை 18 அங்குலத்தில் பரப்பினால் அங்குலத்துக்கு 242 பிக்சல் கிடைக்கும். கையில் வைத்துப் புரட்டும் ஆல்பத்துக்கு இது தாராளம். 12.8 மெகாபிக்சல்தானே என்று அந்தக் கேமராவை ஒதுக்குகிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை.

அதன் பலம் சென்சாரின் பரப்பு. 36க்கு 24 மில்லிமீட்டர். அன்றைய சாதாரண கேனான் சென்சாரைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல். ஒவ்வொரு பிக்சலும் பெரியது, விழும் வெளிச்சமும் அதிகம். 2008இல் வந்த நிக்கான் டி700ம் 12 மெகாபிக்சல்தான். ஆனால் 5டி சாதாரணமாக ஐஎஸ்ஓ 1600 வரை போகும். டி700 6400 வரை போகும். இரவு ஊர்வலம் எடுப்பவருக்கு இந்த வித்தியாசம் பெரிது.

அதே 2008இல் 21 மெகாபிக்சலும் முழு எச்டி வீடியோவுமாக 5டி மார்க் 2 வந்தது. ஸ்டில் கேமராவால் சினிமாவே எடுக்கலாம் என்ற நம்பிக்கை அதன்பின் பரவியது. பாலாஜி சக்திவேலின் ‘வழக்கு எண் 18/9’ (2012) அதன் தம்பியான கேனான் 7டியில் எடுக்கப்பட்ட படம்.

இவற்றை ஒப்பிட்டுப் பார்க்க ஸ்ரீரங்கத்தை விட நல்ல இடம் திருச்சியில் இல்லை. 236 அடி ராஜகோபுரத்தின் வாசலுக்குள் இருட்டு. உச்சியில் பளீரென்ற வானம். இரண்டையும் ஒரே படத்தில் அடக்கி, ரா ஃபைலில் எடுத்து, பிறகு கணினியில் அந்த இருட்டை மட்டும் ஏற்றிப் பார்க்க வேண்டும். மார்க் 2 படத்தில் நிழலுக்குள் கோடு கோடாக இரைச்சல் தெரியும். 2012இல் வந்த நிக்கான் டி800 படத்தில் வாசலின் உட்பகுதி சுத்தமாக எழுந்து வரும். 36 மெகாபிக்சலை விட இதுதான் டி800இன் உண்மையான வரம். ஒப்பிடும்போது முக்காலி, ஒரே நேரம், ஒரே அப்பர்ச்சர் அவசியம். எல்லாப் படங்களையும் ஒரே அளவுக்குச் சுருக்கியும் பார்க்க வேண்டும். பெரிய படத்தை 100 சதவீதத்தில் உற்றுப் பார்த்துக் குறை சொல்வது நியாயமான சோதனை ஆகாது.

ஆனால் பணம் போக வேண்டிய இடம் லென்ஸ். டி800இல் மலிவான ஜூமை மாட்டினால் கோபுரத்தின் மேல் நிலைகள் ஓரங்களில் குழைந்து, விளிம்புகளில் ஊதா நிறம் கசியும். 12 மெகாபிக்சல் பாடி அதே குறையை ஓரளவு மறைத்துவிடும். 1990இல் வந்த கேனான் 50 மி.மீ. 1.8 பிளாஸ்டிக் உடம்புதான், எஃப் 5.6இல் வைத்தால் வியக்கும்படி கூர்மை தரும். முழுதாகத் திறந்தால் கூர்மை கொஞ்சம் குறையும், ஆனால் 5.6இல் நிற்கும் ஜூமை விடக் கிட்டத்தட்ட பத்து மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். மண்டப விளக்கில் முகூர்த்தம் எடுக்க அந்த வெளிச்சம் வேண்டும். இந்த லென்ஸ் பொருந்தும் இஎஃப் மவுன்டைக் கேனான் கொண்டுவந்தது 1987இல், ராஜகோபுரம் கட்டி முடிந்த அதே ஆண்டில். அந்த லென்ஸ்களை இன்றைய மிரர்லெஸ் கேமராவிலும் அடாப்டர் வைத்து மாட்டலாம்.

செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்கள் ஷட்டர் கவுன்ட்டை, அதாவது கேமரா இதுவரை எத்தனை படம் எடுத்தது என்ற கணக்கை, கேட்காமல் பணம் தரக் கூடாது. 5டிக்கு ஒரு லட்சம், டி700க்கு ஒன்றரை லட்சம், டி800க்கு இரண்டு லட்சம் என்பது கம்பெனிகள் சொன்ன ஆயுள். முதல் 5டியில் பசை விட்டுக் கண்ணாடி கழன்று விழும் கோளாறு உண்டு. அதைச் சரிசெய்த பாடியா என்று விசாரிக்க வேண்டும். லென்ஸை வாங்கும்போது பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்து முன்பக்கமாகப் பார்க்க வேண்டும். சிலந்தி நூல் போல மெல்லிய இழைகள் தெரிந்தால் ஃபங்கஸ். ஈரக் காற்றில் சிலிகா ஜெல் இல்லாமல் தோல் பைக்குள்ளேயே பூட்டி வைத்த லென்ஸ்களில் இது சகஜம். விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்த லென்ஸை விட்டுவிடுவது நல்லது.