நாட்டானும் நாட்டவனும்

திருகோணமலைச் சந்தையிலே ஊர்க்கோழிக்கு இருக்கும் மதிப்புப் பண்ணைக்கோழிக்கு இல்லை. நாட்டரிசி என்றால் உடலுக்கு உறுதி தருவது என்பர். நாட்டு மருந்து என்றால் வீட்டிலுள்ள பாட்டிமாரின் முகம் மலரும். 'ஊர்' என்றும் 'நாடு' என்றும் அடைமொழி பெற்ற பொருள் எதுவாயினும் அதன் விலையும் மதிப்பும் உயர்ந்துவிடுகின்றன.

ஆயின், அதே அடைமொழியைப் பொருளின்மீது வையாது மனிதன்மீது வைத்துப் பாருங்கள். 'நாட்டுப்புறத்தான்', 'நாட்டான்', 'பட்டிக்காட்டான்' என்று சொல்லுங்கால் நம் உதட்டின் ஓரத்தில் ஓர் இகழ்ச்சிக் குறி தோன்றிவிடுகின்றது. கோழிக்குப் பெருமை தந்த சொல் அக்கோழியை வளர்த்தவனுக்கு இழிவு தருவது விந்தையன்றோ? இவ்விந்தை தமிழுக்கு மட்டும் உரியதன்று. உலகத்து மொழிகள் பலவற்றிலும் ஒரே நாட்டவன் என்னும் உறவுச் சொல்லும், ஊர்ப்புறத்தான் என்னும் ஏளனச் சொல்லும் ஒரே வேரில் முளைத்த இரு கிளைகளாக நிற்கின்றன. அவ்வேரைச் சிறிது தோண்டிப் பார்ப்போம்.

தலைவனுக்கு உரிய பெயர்

பழந்தமிழ்ப் புலவர்கள் அகப்பாடல்களிலே தலைவனின் இயற்பெயரைச் சொல்லுவதில்லை. அவன் வாழும் நிலத்தைக் கொண்டே அவனுக்குப் பெயர் சூட்டினர். குறிஞ்சித் தலைவன் வெற்பன்; நாடன் என்றும் பெயர் பெறுவான். நெய்தல் நிலத்தவன் சேர்ப்பன், துறைவன். மருத நிலத்தவனோ ஊரன். வயலும் குளமும் சூழ்ந்த ஊருக்கு உரியவன் என்பதே அதன் பொருள். மலையும் வயலும் கடலும் ஒருங்கே வாய்ந்த திருகோணமலை மாவட்டத்தில் இருந்துகொண்டு இப்பெயர்களைப் படிக்கும் மாணவனுக்கு அவை ஏட்டுச் சொற்களாகத் தோன்றமாட்டா. தம்பலகாமத்து வயற்காரனும் ஓர் ஊரனே. நிலாவெளிக் கடற்றொழிலாளியும் ஒரு துறைவனே.

சோழர் காலத்துக் கல்வெட்டுக்களை எடுத்துக்கொண்டால், ஊரார் என்போர் ஊரின் காரியங்களை ஆராய்ந்து முடிவு செய்த சபையினர். நாட்டார் என்போர் பல ஊர்கள் சேர்ந்த ஒரு நாட்டுப் பிரிவின் பொறுப்பைத் தாங்கிய பெருமக்கள். வரி, நிலம், நீர், கோயில் முதலிய கருமங்களில் அவர்கள் சொல்லுக்கு மதிப்பு இருந்தது. இன்று 'நாட்டார் பாடல்' என்று நாம் கூறும்போது எழுத்தறியாத மக்கள் பாடிய பாட்டு என்னும் எண்ணமே முன்வந்து நிற்கின்றது. அன்று அப்பெயர் அதிகாரத்தின் பெயராக இருந்தது.

பிறகு என்ன நிகழ்ந்தது? நகரம் வளர்ந்தது. நகரத்தவர் தம்மை அளவுகோலாக வைத்து மற்றவரை அளக்கத் தொடங்கினர். நாகரிகம் என்ற சொல்லே நகரத்தோடு பிறந்த சொல். வடமொழி இலக்கண நூலாரும் செய்யுளில் வரும் கொச்சைத் தன்மையைக் 'கிராமியம்' என்று பெயரிட்டுக் குற்றங்களுள் ஒன்றாக வைத்தனர். இந்தி மொழியில் ஊரைக் குறிக்கும் 'காவ்' என்னும் சொல்லினின்று பிறந்த 'கவார்' என்பது இன்றும் வசைச் சொல்லே.

இங்கே வள்ளுவர் வழி தனி வழி. நாகரிகம் என்னும் சொல்லை அவர் கண்ணோட்டம் என்னும் அதிகாரத்தில் வைத்தார். கண்ணோட்டமாவது பிறர்மாட்டு இரங்கும் உள்ளம். மாளிகையும் அங்காடியும் நாகரிகத்தின் அடையாளமல்ல, பிறன் மனம் நோகாது நடக்கும் பண்பே நாகரிகம் என்பது அவ்வைப்பின் குறிப்பு. அந்த அளவுகோலை ஏற்றால், ஊரவனைக் 'காட்டான்' என்று ஏசும் பட்டினவாசியின் நாகரிகம் எத்தகையது என்பதை வாசகரே தீர்மானித்துக்கொள்ளலாம்.

துறைமுகத்தை நாடி வந்தோர்

திருகோணமலைத் துறைமுகத்தின் ஆழத்தையும் காவலையும் விரும்பி ஐரோப்பிய இனத்தவர் பலர் வந்தனர். போர்த்துக்கேயரிடமிருந்து 1639ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் கோட்டையைக் கைப்பற்றினர். 1782ஆம் ஆண்டில் பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் சுவ்ரான் அதனைப் பிடித்துச் சில காலம் வைத்திருந்தார். 1795ஆம் ஆண்டில் வந்த ஆங்கிலேயரோ, இலங்கை 1948இல் சுதந்திரம் பெற்ற பின்னும் 1957 வரை தம் கடற்படைத் தளத்தை இங்கே வைத்திருந்தனர். கோட்டை கட்டியவர்களின் மொழிகளிலும் நாம் தேடும் சொல் உண்டு.

இலத்தீன் மொழியிலே 'பாகுஸ்' என்பது ஊர்ப்புறப் பகுதி. இவ்வொரு வேர் மூன்று வீட்டில் மூன்று விதமாய் வளர்ந்தது. பிரெஞ்சு மொழியில் 'பெயிசான்' என்றால் குடியானவன். ஸ்பானிய மொழியில் 'பைசானோ' என்றால் எங்கள் ஊரவன், எங்கள் நாட்டவன். அயல்நாட்டில் சந்திக்கும் இருவர் அச்சொல்லைச் சொல்லித் தழுவிக்கொள்வர். ஆங்கிலத்தில் 'பேகன்' என்றால் சமயத்தால் தம்மோடு சேராதவன். ஒருவன் உழுகிறான், ஒருவன் தழுவப்படுகிறான், ஒருவன் விலக்கப்படுகிறான். மூவரும் ஒரு தாய் மக்களே.

நம் இளைஞர்கள் திரைப்படத்திற் கண்டு வெறுக்கும் 'வில்லன்' யார் தெரியுமா? 'வில்லா' என்னும் பண்ணைநிலத்திலே பிரபுவுக்கு உழைத்த ஏழைக் குடியானவனே ஆதியில் அப்பெயர் பெற்றவன். ஏழை உழவனுக்கு நற்குணம் இராது என்று எண்ணிய மேன்மக்களின் வாயிலே அவன் பெயர் தீயவன் பெயராயிற்று. உழைத்தவன் வில்லனானான், உழைப்பை உண்டவன் கதாநாயகனானான்.

ஒல்லாந்தர் மொழியில் 'பூர்' என்றால் விவசாயி. ஆங்கிலத்தில் அதே சொல் 'முரடன், பண்பற்றவன்' என்ற பொருளில் வழங்குகின்றது. தென்னாபிரிக்காவிற் குடியேறிய ஒல்லாந்த வழியினரோ அதனையே தம் இனத்தின் பெயராகப் பெருமையுடன் தரித்தனர். ஆங்கிலேயரோடு அவர்கள் பொருத போரில் சிறைப்பட்டோர் பல்லாயிரவர் 1900ஆம் ஆண்டு முதல் நம் நாட்டுத் தியத்தலாவையிலும் பிற முகாம்களிலும் அடைக்கப்பட்டிருந்தமை வரலாறு.

இதனினும் சுவையான செய்தி ஒன்று உண்டு. அயலவனைக் குறிக்கும் 'நெய்பர்' என்னும் ஆங்கிலச் சொல்லைப் பிரித்துப் பார்த்தால் 'அண்மையில் வாழும் குடியானவன்' என்று பொருள்படும். முரடனைக் குறிக்கும் சொல்லின் வேரும் அதுவே. தூரத்தில் நின்று பார்க்கும்போது முரடன். பக்கத்தில் வந்து வாழ்ந்தால் அயலவன்! அகராதி தானே வாய் திறந்து உபதேசம் செய்தாற்போல் இல்லையா?

அயலவர் வழக்கு

நம் அயலவரான சிங்கள மக்களின் மொழியிற் 'கம' என்பது கிராமம். 'கெமியா' என்றால் கிராமத்தான். ஏளனம் இல்லாத சொல். ஊர்க்கோழியை அவர்கள் 'கம்' என்னும் அடைமொழியுடனே வழங்குவர். ஆயின் 'கொடயா' என்று சொல்லிவிட்டால் அது நம் 'பட்டிக்காட்டான்' தான்.

நாடு என்பதற்கு அவர்களிடம் வழங்கும் சொல் 'ரட'. நாட்டின் குடிமகன் 'ரடவெசியா'. ஆனால் இச்சொல்லைப் பொருளுக்கு அடைமொழியாக்கினால் பொருள் தலைகீழாகிவிடும். நாம் கச்சான் என்று சொல்லும் நிலக்கடலை அவர்களுக்கு 'ரடகஜு'. பேரீச்சம்பழம் 'ரட இந்தி'. இங்கே 'ரட' என்றால் பிறநாட்டிலிருந்து வந்தது. தமிழில் நாட்டுப்பொருள் உள்ளூர்ப் பொருள். சிங்களத்தில் ரடப்பொருள் வெளியூர்ப் பொருள். எல்லையைக் குறித்த 'சீமை' என்னும் நம் சொல்லும் இவ்வாறே பிறநாட்டுப் பொருளுக்கு அடையாயிற்று. நாடு என்பது உள்ளேயா வெளியேயா என்பது நாம் எங்கே நின்று பார்க்கின்றோம் என்பதைப் பொறுத்ததே.

கிண்ணியாவிலும் மூதூரிலும் இருந்து உழைப்பின் பொருட்டு அறபு நாடுகளுக்குச் சென்று வந்தோர் வீடுகள் பல உண்டு. அறபு மொழியில் 'பலத்' என்றால் நாடு. ஊர் என்றும் பொருள். அதனின்று வந்த 'பலதி' என்பது எகிப்திலே மக்கள் நாள்தோறும் உண்ணும் ரொட்டிக்கு அன்பான அடைமொழி. அதே சொல்லை மேட்டுக்குடியினர் மனிதன்மீது எறிந்தால் 'நயம் அறியாதவன்' என்பது கருத்து. ஊர்க்கோழியின் கதை நைல் நதிக்கரையிலும் நடக்கின்றது.

கொட்டியாரத்துச் சிறைவாசி

ஆங்கிலத்தில் 'கன்றிமன்' என்னும் சொல்லுக்கு ஒரே நாட்டவன் என்றும், கிராமத்தான் என்றும் இரு பொருள் உண்டு. அவ்விரு பொருளையும் தன் வாழ்விலே கண்டறிந்த ஆங்கிலேயன் ஒருவனைக் கொட்டியாரக் குடா நமக்குத் தந்துள்ளது.

புயலில் பாய்மரம் இழந்த 'ஆன்' என்னும் கப்பல் பழுது பார்ப்பதற்காகக் கொட்டியாரத்தை அடைந்தது. 1660ஆம் ஆண்டில் கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்கள் கப்பற்றலைவனையும் அவன் மகன் றொபேட் நொக்ஸையும் மாலுமிகள் சிலரையும் பிடித்துச் சென்றனர். நொக்ஸுக்கு அப்பொழுது வயது 19. மூதூரில் அவர்கள் பிடிபட்டதாகச் சொல்லப்படும் இடத்து மரம் 'வெள்ளைக்காரன் மரம்' என்றே பெயர் பெற்றது.

சிறைப்பட்டோர் ஒரே இடத்தில் வைக்கப்படவில்லை. ஊருக்கு ஒருவராகவும் இருவராகவும் பிரிக்கப்பட்டுக் கிராமத்தாரின் சோற்றை உண்டு வாழ்ந்தனர். தன் நாட்டவரின் முகம் காண நொக்ஸ் ஏங்கினான். தொப்பி பின்னி விற்றான். அம்மக்களின் மொழியைக் கற்றான். அவர்களின் உழவையும் உணவையும் வழக்கத்தையும் நுணுகி நோக்கினான். 19 ஆண்டுகளுக்குப் பின், 1679இல், மன்னார்ப் பக்கத்து அரிப்பிலிருந்த ஒல்லாந்தரிடம் தப்பிச் சென்றான். 1681இல் இலண்டனில் அவன் நூல் வெளிவந்தது.

கண்டி நாட்டவரின் பண்பைக் குறித்து அக்காலத்தில் வழங்கிய பழமொழி ஒன்றை அந்நூலில் அவன் பதிந்துள்ளான். கலப்பையை விட்டு வந்த உழவனின் மேனிச் சேற்றைக் கழுவிவிட்டால் அவன் அரசாளவும் தகுதியுடையவன் என்பது அதன் கருத்து. பிரபுக்கள் அரண்மனையிலிருந்து உழவனைப் பார்த்தபோது வில்லனைக் கண்டனர். இந்த இளைஞன் உழவனின் திண்ணையிலிருந்து பார்த்தான். அரசனைக் கண்டவர்களின் சொல்லைக் கேட்டான். பார்வையின் தூரம் குறைந்தால் சொல்லின் பொருளும் திருந்தும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

நாட்டவன் யார்?

இதுவரை கூறியவை சொல்லாராய்ச்சி தானே என்று யாரேனும் எண்ணலாம். சொல் வாயோடு நின்றுவிடுவதில்லை. சட்டத்திலும் ஏறி அமர்ந்துவிடும்.

மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்த நம்மவரை 'தோட்டக்காட்டான்' என்று இகழ்ந்தோர் வேற்று மொழியினர் அல்லர். தமிழ் பேசிய நாமே. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அம்மக்களிற் பெரும்பாலோரின் குடியுரிமையைப் பறித்தது. அவர்களுக்கு 'நாடற்றவர்' என்று பெயர் வந்தது. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென வகுத்தது. கப்பலேறித் தமிழ்நாடு சென்றோரை அங்குள்ளோர் 'சிலோன்காரர்' என்றனர். இங்கே இருந்தபோது இந்தியாக்காரன். அங்கே சென்றபின் சிலோன்காரன். எங்கேயும் நாட்டவன் அல்லன். எஞ்சியோரின் குறை தீர 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது. ஒருவனை முதலிற் காட்டான் என்று சொல்லிப் பழகிய நாவுக்கு, அவன் நாட்டவன் அல்லன் என்ற தீர்ப்பைக் கேட்டபோது வேண்டிய அளவு பதறத் தெரியவில்லை. ஏளனம் செய்யும் தீமை இதுவே.

பற்று

திருகோணமலையின் பழைய நிலப்பிரிவுகளைப் பாருங்கள்: கட்டுக்குளப் பற்று, தம்பலகாமப் பற்று, கொட்டியாரப் பற்று. பற்று என்பது நிலத்தின் பிரிவு. பற்று என்பது அன்பும் ஆகும். நாட்டுப்பற்று என்று மேடையில் முழங்குகின்றோம். அந்த நாடு இந்தப் பற்றுக்களின் சேர்க்கையன்றி வேறு யாது? ஊரவனை விலக்கிவிட்டு நாட்டை நேசிப்பது, வேரை வெட்டிவிட்டுக் கிளைக்கு நீர் வார்ப்பதே.

முற்காலத்தில் கிண்ணியாவிலிருந்து பட்டினத்திற்கு வருவோர் 'பாதை' என்னும் மிதவைக்குக் காத்திருந்தனர். 2009ஆம் ஆண்டிற் பாலம் திறக்கப்பட்டது, தூரம் குறைந்தது. வகுப்பறை வாங்குகளுக்கிடையே உள்ள தூரமும் குறையவேண்டும். மூதூர்ப் பேச்சையோ குச்சவெளிப் பேச்சையோ கேட்டுப் பட்டினத்து மாணவன் நகைத்தால், அன்று முதல் அப்பிள்ளை வாய் திறந்து வினாக் கேட்க அஞ்சுகின்றான். அந்த மௌனத்தினால் இழப்பு அவனுக்கு மட்டுமன்று. அவனிடம் கற்றிருக்கக்கூடிய நமக்கும் உண்டு.

மாணவர்களுக்கு ஒரு சிறு பயிற்சி சொல்லலாம். இன்றிரவு வீட்டுப் பெரியவர்களிடம் அவர்கள் பிறந்த ஊரில் வயலுக்கும் வரம்புக்கும் காற்றுக்கும் மீனுக்கும் வழங்கிய பெயர்களைக் கேட்டு ஒரு பக்கம் எழுதுங்கள். அவற்றிற் பல எந்தப் பாடநூலிலும் இரா. எழுதி முடித்ததும், அச்சொற்களை இதுவரை காத்துத் தந்தவருக்கு என்ன பெயர் இடலாம் என்று எண்ணிப் பாருங்கள். 'நாட்டார்' என்னும் பழைய பெயர் அவருக்குப் பொருந்தும். அதனை மரியாதையோடு சொல்லுங்கள்.